மகளுக்கு வேலை மட்டும் போதுமா? தொழிலும் கையில் இருக்க வேணும்!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரியான பாடம்.

ஏர்வாடி, சின்ன ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் எந்தக் குழுக் கூட்டத்திற்குப் போனாலும் ஒரு கேள்வி வருகிறது. "பிள்ளை பிளஸ் டூ முடிச்சிருச்சு. மெட்ராஸ் பக்கம் போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் அவங்களே பார்த்துக்கிருவாங்களாம். அனுப்பலாமா, வேண்டாமா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஒரு பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அந்தத் தொழில் நம் மாநிலத்தில் எப்படி வளர்ந்தது? அதில் வேலை பார்ப்பவர்களுக்குத் திறமை எப்படி வந்தது? கம்பெனி மூடினபோது அவர்கள் கையில் என்ன மிஞ்சியது? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். வாசிக்கத் தெரிந்த உறுப்பினர் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.

திறமை என்றால் என்ன? நாலு 'க'

முதலில் நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்குவோம். நம் கடற்கரையில் பாசி எடுக்கும் அக்காமார் எத்தனை பேர்! விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, கஞ்சிப் பாசி எது என்று தண்ணீருக்குள்ளேயே பிரித்துவிடுகிறார்கள். அடியோடு பிடுங்காமல் மேலே கிள்ளினால்தான் மறுபடி தழைக்கும் என்று தெரிந்து கிள்ளுகிறார்கள். இதெல்லாம் எந்தப் பள்ளியில் படித்தது? தாயும் பெரியம்மாவும் செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்தது.

இந்தத் திறமையைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று பகுதி இருக்கிறது. நான்காவதாக ஒன்று சேர வேண்டும். மனதில் நிற்பதற்காக நாலு 'க' என்று வைத்துக்கொள்வோம்.

1. கை: வேலையைத் தடுமாறாமல், வேகமாகச் செய்யும் பழக்கம்.
2. கண்: எது நல்லது, எது பழுது என்று பார்த்தவுடன் கண்டுபிடிப்பது.
3. காரணம்: ஏன் இப்படிச் செய்கிறோம், தப்பு வந்தால் எங்கே இருந்து வந்தது என்று தெரிவது.
4. காகிதம்: இன்னாருக்கு இந்தத் தொழில் தெரியும் என்று முன்பின் தெரியாத ஆளும் நம்பும்படியான சான்றிதழ்.

பாசி எடுக்கும் அக்காவிடம் முதல் மூன்றும் இருக்கிறது. நான்காவது இல்லை. அதனால் கடலை விட்டு வெளியே வந்தால் அவருடைய முப்பது வருஷ அனுபவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைக்கு முதல் இரண்டும் சில வாரங்களிலேயே வந்துவிடும். மூன்றாவதும் நான்காவதும் தானாக வராது. நாம் கேட்டு, பிள்ளை முயற்சி எடுத்தால்தான் வரும். இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

போன் கம்பெனிக்குள் என்ன வேலை நடக்கிறது?

செல்போனைப் பிரித்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதுதான் போனுக்கு மூளை மாதிரி. கோல அச்சில் மாவு போட்டு இழுத்தால் ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் புள்ளி விழுமில்லையா? அதே மாதிரி ஓட்டை போட்ட மெல்லிய எஃகுத் தகட்டை அட்டை மேல் வைத்து வெள்ளீயம் கலந்த பசையை இழுக்கிறார்கள். பிறகு ஒரு மெஷின், கடுகை விடச் சின்னச் சின்ன பாகங்களை அந்தப் புள்ளிகளில் வைக்கிறது. அட்டை ஒரு நீளமான அடுப்புக்குள் போகிறது. அங்கே ஏறக்குறைய 240 டிகிரி சூட்டில் பசை உருகி, பாகங்கள் அட்டையோடு ஒட்டிக்கொள்கின்றன. வெளியே வந்ததும் கேமரா வைத்த மெஷின் சரிபார்க்கிறது.

இதுவரை பெரும்பாலும் மெஷின் வேலை. அதற்குப் பிறகு மனிதக் கை வேலை அதிகம். திரை பொருத்துவது, பேட்டரி வைப்பது, திருகு முடுக்குவது, பேசிப் பார்த்துச் சோதிப்பது, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது, பெட்டியில் அடைப்பது. நம் பிள்ளைகளைப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஒரு வேலையைப் பல துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுவார்கள். ஒருத்தி நாள் முழுக்கத் திருகு மட்டுமே முடுக்கலாம். பழகுவது சுலபம். ஆனால் ஒரு துண்டு மட்டும் தெரிந்தால் அது முழுத் தொழில் ஆகாது.

'காரணம்' என்று சொன்னேனே, அதற்கு ஓர் உதாரணம். வேலைக்கு உட்காரும் முன் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, வயரால் இணைப்பார்கள். ஏன்? நைலான் சேலையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தட்டுமே, அந்த நிலைமின்சாரம் நம் உடம்பில் எப்போதும் கொஞ்சம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய 3,000 வோல்ட் வரை இருந்தாலும் நமக்கு உறைக்காது. போனுக்குள் இருக்கும் சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்கே கெட்டுப்போகும். அந்தப் பட்டை நம் உடம்பில் சேர்ந்ததைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. "கட்டச் சொன்னாங்க, கட்டினேன்" என்று இருக்கும் பிள்ளை ஆப்பரேட்டராகவே இருக்கும். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளை நாளைக்குத் தரம் பார்க்கும் பிரிவுக்கோ, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்துக்கோ போகலாம்.

ஓசூரில் நடந்தது: மகளிர் குழு செய்த வேலை

நுட்பமான தொழில் தமிழ்நாட்டு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டன் கைக்கடிகாரக் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில் வந்தது. அந்த வட்டாரத்தில் அதற்கு முன் கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கம்பெனியே பயிற்சி கொடுத்து ஆளாக்கியது. ஒரு வட்டாரத்தில் தொழில் திறமை முளைப்பதற்கு இது ஒரு வழி.

நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் பிறகு நடந்தது. அந்தப் பகுதியில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் சுயஉதவிக் குழுக்கள் அமைத்து வந்தது. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டதும் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். 1990-களின் நடுவில், குழுக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களுக்கு வேலை தர முடியுமா என்று டைட்டனிடம் பேசினார்கள். கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையில் கண்ணி கண்ணியாகக் கோர்க்கும் வேலை கிடைத்தது. அந்தப் பெண்கள் வெறும் கூலிக்கு மட்டும் நிற்கவில்லை. தங்களுக்கே சொந்தமாக 'மீடோ' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் மூலம் டைட்டனிடமிருந்து வேலை எடுத்துச் செய்தார்கள். பிறகு மற்ற வேலைகளும் சேர்ந்து பல நூறு பெண்களுக்கு வேலை கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது: பட்டை கோர்ப்பதோடு சேர்த்துத் தரம் பார்ப்பது, சரக்குக் கணக்கு, கூலிக் கணக்கு, நிர்வாகம் எல்லாவற்றையும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிப் பழகியது அங்கே உதவியது. தனி ஆளாகப் போயிருந்தால் ஒரு துண்டு வேலைதான் கிடைத்திருக்கும். சேர்ந்து போனதால் தொழிலே கைக்கு வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது: வந்ததும் போனதும்

இப்போது போன் கம்பெனிக்கு வருவோம். 2005-ல் நோக்கியா கம்பெனி தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிப்பு ஆரம்பமானது. சார்ஜர், உறை, மற்ற பாகங்கள் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற கம்பெனிகளும் அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. 2011-க்குள் அங்கே 50 கோடி போன்கள் தயாராகிவிட்டன. நோக்கியாவில் மட்டும் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி பெண்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு பல மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள். முதல் முறையாக மாதச் சம்பளம், சொந்த வங்கிக் கணக்கு, வீட்டுக்குப் பணம். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய மாற்றம்.

பிறகு என்ன ஆனது? 2013-ல் வருமான வரி வழக்கு வந்தது. நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு விற்றபோது, 2014 ஏப்ரலில் முடிந்த அந்த விற்பனையில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை சேரவில்லை. விருப்ப ஓய்வு என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று தயாரிப்பே நின்றுபோனது. அந்த வருஷம் டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் தன் ஆலையை நிறுத்தியது.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. அவர்களில் நிறையப் பேருக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தேழு வயதுதான். ஐந்தாறு வருஷ அனுபவம் இருந்தது. வரி வழக்கிலோ விற்பனையிலோ அவர்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. வேறு கம்பெனி வாசலில் போய் நின்றபோது, "என்ன தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்லக் கையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்துவிட்டு மெஷினைப் பழுது பார்த்தவருக்கு அந்தத் திறமை பக்கத்தில் இருக்கும் கார் உதிரிபாகக் கம்பெனிக்கும் பொருந்தும். ஒரே மேஜையில் ஒரே துண்டு வேலை பார்த்தவர் மறுபடி முதலிலிருந்து, புதிய ஆளாகத் தொடங்க வேண்டும்.

இது நமக்கும் புரியாத விஷயம் இல்லை. 2000-க்குப் பிறகு மண்டபம், ராமேசுவரம் பக்கம் மூங்கில் மிதவை கட்டி 'பெப்சி பாசி' வளர்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த முறையைக் குழுப் பெண்கள் கற்று, வங்கிக் கடன் வாங்கிச் செய்தார்கள். ஆளுக்கு 45 மிதவை, 45 நாளில் அறுவடை என்று நல்ல வரும்படி பார்த்தார்கள். 2013, 2014 வாக்கில் கடல் சூடேறிப் பாசி செத்துப்போனதும் கடனும் கையுமாக நின்ற குடும்பங்கள் உண்டு. ஒரே பயிர், ஒரே வாங்குபவர் என்று நம்பினால் அது விழும்போது நாமும் விழுகிறோம். பாசிக்குச் சொன்னதுதான் கம்பெனிக்கும்.

திரும்பி வந்த தொழில்

ஸ்ரீபெரும்புதூர் அப்படியே இருண்டுபோகவில்லை. 2019-ல் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிப்பு நடந்தது. மூடிக் கிடந்த நோக்கியா கட்டிடத்தைச் சால்காம்ப் வாங்கி, 2020-ல் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தது. அங்கேயும் பெரும்பாலும் பெண்களே வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2022-23-ல் 537 கோடி டாலர். 2024-25-ல் 1,465 கோடி டாலர். இரண்டே வருஷத்தில் இரண்டரை மடங்குக்கு மேல்!

ஏன் மறுபடி அதே இடத்துக்கு வந்தார்கள்? துறைமுகம், ரோடு, மின்சாரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லைன் நடத்தத் தெரிந்த சூப்பர்வைசர்கள், மெஷினைத் திறந்து பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன்கள், பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். கம்பெனி போனாலும் மனுஷங்ககிட்ட தங்கின திறமை போகாது. அது அடுத்த கம்பெனியை இழுத்து வரும். அந்தப் பலனில் நம்ம பிள்ளைக்கும் பங்கு கிடைக்க வேண்டுமானால் அவள் கையில் நாலு 'க'வும் இருக்க வேண்டும்.

பினாங்கு சொல்லும் பாடம்

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பினாங்கு என்ற பெயர் புதிதல்ல. நம் முன்னோர் வியாபாரத்துக்குப் போன ஊர். அந்தத் தீவில் 1972-ல் பாயான் லெபாஸ் என்ற இடத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைத்தார்கள். இன்டெல் போன்ற வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வந்தன. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் லைனில் உட்கார்ந்தார்கள். நம் ஊர்க் கதை மாதிரியேதான்.

மெஷின்கள் புதிதாக வர வர, வெறும் கை வேகம் போதவில்லை. கம்பெனிகள் ஒருவர் ஆளை இன்னொருவர் இழுத்துக்கொண்டு சண்டை போட்டால் யாருக்கும் லாபம் இல்லை என்று புரிந்தது. 1989-ல் மாநில அரசும் கம்பெனிகளும் கல்வி நிறுவனமும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். எந்தக் கம்பெனிக்கு எந்தத் திறமை தேவை என்று கம்பெனிகளே சொல்லும். அதற்குத் தகுந்தபடி அங்கே பாடம் நடக்கும். வேலையில் இருப்பவர்களும் வந்து படிக்கலாம். ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லாத பொதுவான பயிற்சி என்பதால், கற்றது தொழிலாளியோடு எங்கேயும் போகும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் திசையில் சில முயற்சிகள் நடந்தன. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. அதே வருஷம் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து புதிய மெஷின்களோடு தரம் உயர்த்த ஒப்பந்தம் ஆனது. இந்த வசதி நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற வேலை நமக்கும் இருக்கிறது.

உடம்பும் முக்கியம்

சம்பளத்துக்காக உடம்பை விடக் கூடாது. 2010-ல் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் மெஷினில் சிக்கி இறந்தார். மெஷின் எப்படி நிற்கும், அவசரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது முதல் நாள் கற்க வேண்டிய திறமை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். ஆலை சில வாரம் மூடப்பட்டது. விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பைச் சிப்காட் கட்டித் திறந்தது. பேசியதால்தான் மாற்றம் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

கல்யாணமான சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. திருமணமான பெண்களை ஐபோன் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. "கல்யாணம் ஆனா வேலை இல்லை" என்று ஏஜெண்ட் சொன்னால், அதை விதி என்று நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

போகும் வழிகள்

நேராக பிளஸ் டூ முடித்ததும் லைனுக்குப் போவது ஒரு வழி. அது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

- ஐ.டி.ஐ.: ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. எலக்ட்ரீசியன், ஃபிட்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் போன்ற பிரிவுகளில் எது எங்கே இருக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ் கிடைக்கும்.
- பாலிடெக்னிக்: கீழக்கரையிலேயே இருக்கிறது. பிளஸ் டூ அல்லது இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு.
- அப்ரண்டிஸ்: 1961-ம் ஆண்டு சட்டப்படி கம்பெனியில் பழகுநராகச் சேர்ந்து, உதவித்தொகையோடு தொழில் கற்கலாம். முறையாகப் பதிவு செய்து, கடைசியில் தேர்வு எழுதினால் சான்றிதழ் உண்டு. ஆனால் பழகுநருக்கு பி.எப்., இ.எஸ்.ஐ. கிடையாது. முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.
- கிராமப்புற இளைஞர் பயிற்சி: 2014-ல் மத்திய அரசு தொடங்கிய தீன தயாள் உபாத்யாய திட்டத்தில் 15 முதல் 35 வயது வரை, பெண்கள் என்றால் 45 வரை பயிற்சி தரலாம் என்று விதி வகுத்தார்கள். மகளிர் திட்ட அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் மேல்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. சேரும் இடத்திலேயே அதையும் விசாரியுங்கள்.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய எட்டு கேள்விகள்

1. வேலை கொடுப்பது கம்பெனியா, காண்ட்ராக்டரா? நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கும்?
2. பிள்ளை பழகுநரா, ஒப்பந்தத் தொழிலாளியா, நிரந்தரமா? எத்தனை மாதம்?
3. முதலில் எத்தனை நாள் பயிற்சி? எதில்? முடிந்ததும் சான்றிதழ் உண்டா?
4. ஒரே வேலையா, இடம் மாற்றி மாற்றிக் கற்றுக் கொடுப்பார்களா?
5. வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்க வழி உண்டா?
6. கையில் வரும் சம்பளம் எவ்வளவு? ஹாஸ்டல், சாப்பாட்டுக்குப் பிடித்தம் எவ்வளவு? பி.எப்., இ.எஸ்.ஐ. எண் தருவார்களா?
7. இரவு ஷிப்ட் உண்டா? பஸ் எங்கே இறக்கிவிடும்? புகார் சொல்ல உள்ளகக் குழு இருக்கிறதா? (2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும்.)
8. ஆள் சேர்க்கிறவர் பணம் கேட்கிறாரா? அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறாரா? அப்படியென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள். ஒரு நோட்டில் எந்தத் தேதியில் எந்த மெஷினில் நின்றாள், என்ன கற்றாள், யார் கற்றுக் கொடுத்தார் என்று எழுதி வரட்டும். சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்று, அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைக்கட்டும். நம் குழுப் பதிவேடு நமக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்த மாதிரி, அந்த நோட்டு அவளுக்கு அடுத்த வேலை வாங்கித் தரும்.

நம் குழு என்ன செய்யலாம்?

- வெளியூர் கம்பெனிக்குப் போன பிள்ளைகளின் பட்டியலை ஊக்குநர் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி பெயர், விடுதி, சேர்ந்த தேதி, வீட்டுப் போன் எண் இருக்கட்டும். இதை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது.
- லீவுக்கு வரும் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஏஜெண்ட் சொல்வதை விட அவள் சொல்வது நமக்கு உபயோகம்.
- ஆள் எடுக்க வருகிறவரை வீட்டுக்கு வீடு விடாமல் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். எட்டு கேள்வியையும் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.
- கல்யாணச் செலவுக்கு உள்கடன் கொடுக்கிறோம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புக்கும் முன்னுரிமை கொடுத்துத் தீர்மானம் போடலாமே.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரிலிருந்து கம்பெனிக்குப் போன பிள்ளைகளில் நாலு 'க'வும் கிடைத்தவர்கள் எத்தனை பேர்?
2. வேலையை விட்டுத் திரும்பி வந்த பிள்ளைக்கு ஊரில் அந்தத் திறமை எப்படிப் பயன்படும்?
3. ஓசூர்ப் பெண்கள் சேர்ந்து வேலை எடுத்த மாதிரி, நம் கூட்டமைப்பு எந்த வேலையை எடுத்துச் செய்ய முடியும்?

பேசி முடித்து, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிரதிநிதி அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வரட்டும். எல்லாக் குழுக்களின் தீர்மானத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மகளிர் திட்ட அலுவலகத்திலும் ஐ.டி.ஐ. முதல்வரிடமும் நாம் சேர்ந்தே போய்ப் பேசுவோம்.